நீ எங்க நின்னு சொல்ற?

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் எங்கள் ஊரில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள்: எத்தனாம் நம்பர்? ஒன்று என்றால் வானத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். மூன்று என்றால் வல்லத்தை, அதாவது நாட்டுப்படகை, இன்னும் மேலே இழுத்துக் கட்டுவார்கள். அதற்கும் மேலே போனால் வலை, என்ஜின், எண்ணெய் கேன் எல்லாம் வீட்டுக்கு வந்துவிடும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன கதையைப் பாட்டிமார் வாயால் கேட்டு வளர்ந்த ஊர் இது. கூண்டு ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

2020-இல் வந்த கொரோனா நோய்க்கு அப்படி ஒரு கூண்டு இல்லை. தொலைக்காட்சியில் நாள் முழுக்கச் சேதி வந்தது. தினமும் சாயங்காலம் மாநிலம் முழுவதற்கும் மாவட்டவாரியாக எண்ணிக்கை வந்தது. இராமநாதபுரம் மாவட்டத்தில் இன்று இத்தனை பேர் என்று கேட்டுவிட்டு, அதை வைத்து நாளைக் காலையில் கடலுக்குப் போவதா வேண்டாமா, மீனை யாரிடம் விற்பது, காய்ச்சல் வந்த பிள்ளையை எங்கே தூக்கிக்கொண்டு போவது என்று யாருக்கும் தெரியவில்லை.

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு நாட்டுப்படகு ஊரில், 2020 பிப்ரவரி கடைசியிலிருந்து 2021 ஜூன் வரை நோயைப் பற்றிய சேதி எப்படி வந்தது, யார் சொன்னதை ஊர் நம்பியது, எது பிழைக்க உதவியது, எது கெடுத்தது என்று எழுதி வைக்கப் பார்க்கிறேன். அது என் ஊர். மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ரீசார்ஜ், ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். ஊரின் பாதி போன்கள் என் கை வழியாகத்தான் போயின. ஊர்ப் பெயரையோ ஆட்களின் பெயரையோ எங்கும் எழுதவில்லை. அதற்கான காரணம் நடுவில் வரும்.

முதல் சேதி

இந்தியாவில் முதல் நோயாளி கேரளாவில் 2020 ஜனவரி 30 அன்று கண்டறியப்பட்டார். அது எங்களுக்குப் பேப்பரில் வந்த ஒரு சேதி, அவ்வளவுதான். எங்களை உட்கார்ந்து கேட்க வைத்தது ஈரானிலிருந்து வந்த குரல்தான். ஒப்பந்தத்தில் அங்கே மீன்பிடிக்கப் போயிருந்த தமிழக மீனவர்களில் நம் மாவட்டத்துக்காரர்களும் உண்டு. எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் பிப்ரவரி கடைசியில் தன் அம்மாவுக்கு அனுப்பிய குரல் பதிவை, அந்த அம்மா என் கடைக்கு வந்து, சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல்லிக் கேட்டார்.

"அம்மா, படகை எல்லாம் கட்டிப் போட்டாச்சு. கரையில இறங்காதனு சொல்லிட்டாங்க. அரிசி இருக்கு, தண்ணிதான் அளந்து குடுக்குறாங்க. பக்கத்துப் படகுல யாருக்கும் ஒண்ணும் இல்ல. எனக்கும் ஒண்ணும் இல்ல. நான் நாளைக்கு இதே நேரத்துக்கு மறுபடி பேசுறேன்."

அந்தப் பதிவை அன்று கடையில் ஏழெட்டுப் பேர் கேட்டோம். யாரும் அதைப் பற்றி எதிர்க்கேள்வி கேட்கவில்லை. அவன் எங்கே இருக்கிறான், என்ன பார்த்தான், எதைப் பார்க்கவில்லை, மறுபடி எப்போது பேசுவான் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தது. அப்போது இதை நான் கவனிக்கவில்லை. பிறகு நடந்ததை எல்லாம் பார்த்த பிறகுதான், நல்ல சேதி எப்படி இருக்கும் என்பதற்கு முதல் உதாரணம் அதுதான் என்று புரிந்தது. (ஈரானில் மாட்டிக்கொண்டவர்களில் 687 பேரை ஐ.என்.எஸ். ஜலஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸிலிருந்து ஏற்றிக்கொண்டு 2020 ஜூலை 1 அன்று தூத்துக்குடிக்கு வந்தது. அதுவரை அந்த அம்மா தினமும் ஒரே நேரத்துக்குக் கடைக்கு வந்தார்.)

மார்ச் 6, 7 தேதிகளில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா. இராமேஸ்வரத்திலிருந்து வழக்கம்போலப் படகுகள் போயின. திருவிழாத் திருப்பலி நடந்த அதே 7-ஆம் தேதிதான் தமிழ்நாட்டின் முதல் நோயாளி உறுதிசெய்யப்பட்டார். 11-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. 22-ஆம் தேதி மக்கள் ஊரடங்கு, 24 மாலையிலிருந்து தமிழ்நாட்டில் 144 தடை, 25-இலிருந்து நாடு முழுவதும் ஊரடங்கு. திருவிழாவுக்குப் போய் வந்த பையிலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்து வைப்பதற்குள் எல்லாம் நடந்து முடிந்ததுபோல இருந்தது.

கருவாடு போன ராத்திரி

ஊரடங்கின் முதல் வாரத்தில் போனில் வந்து குவிந்ததை இப்போது நினைத்தாலும் மூச்சு முட்டுகிறது. வெந்நீர் குடித்தால் கிருமி வயிற்றுக்குப் போய்ச் செத்துவிடும். பதினாலு மணி நேரம் வெளியே வராமல் இருந்தால் சங்கிலி அறுந்துவிடும். கோழி சாப்பிட்டால் வரும், மீன் சாப்பிட்டாலும் வரும். கோழிக்கறி வதந்தியில் நாமக்கல் பண்ணைகள் அடிவாங்கியது ஊரறிந்த கதை. மீனைப் பற்றிய வதந்தி எங்கள் வயிற்றிலேயே கை வைத்தது. நோய் பரவியது மனிதன் விடும் மூச்சு வழியாக. சீலா மீனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதை யார் வாயால் சொன்னால் இராமநாதபுரம் டவுனில் கூடை மீன் வாங்குகிற வீடுகள் நம்பும்?

ஒரு நாள் சாயங்காலம் புதிதாக ஒன்று வந்தது. இன்றிரவு ஹெலிகாப்டரில் மருந்து தெளிக்கப் போகிறார்கள், வெளியே காயும் துணி, உணவுப் பொருள் எதையும் விட்டுவைக்காதீர்கள் என்று. நாடு முழுக்கச் சுற்றிய வதந்தி அது. அது பொய் என்று மறுப்பும் வந்திருந்தது, ஆனால் அந்த மறுப்பு எங்கள் போன்களுக்கு வந்து சேரவில்லை. ஏலம் நின்றுபோய், கம்பெனிக்காரர்கள் நண்டு, கணவாய் எடுப்பதை நிறுத்திவிட்டதால், பிடித்த சூடையையும் காரலையும் பெண்கள் உப்புப் போட்டு மணலில் வலை விரித்துக் காய வைத்திருந்தார்கள். ஒரு நாள் வெயில்தான் பட்டிருந்தது. சேதி வந்த அரை மணி நேரத்தில் கரை முழுக்கப் பெண்கள் ஓடினார்கள். ஈரம் போகாத மீனைக் கையால் அள்ளிச் சாக்கில் திணித்து, கட்டி, வீட்டுக்குள் போட்டார்கள். டார்ச் வெளிச்சத்தில் அந்த ஓட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ராத்திரி ஹெலிகாப்டர் வரவில்லை. காலையில் சாக்கை அவிழ்த்தபோது மீன் புழுங்கிச் சிவந்து, கை வைத்தால் நழுவியது. மறுபடி காயப்போட்டும் தேறவில்லை. கோழித்தீவனத்துக்குப் போகிற தரம்கூட இல்லை. மூன்று வீட்டுக்காரர்கள் குழி வெட்டிப் புதைத்தார்கள். அந்த மாதத்தில் அவர்களுக்கு இருந்த ஒரே வருமானம் அது.

அன்று காலையில் கரையில் கூடி நின்ற இடத்தில்தான் எங்கள் சம்மாட்டி தாத்தா (சம்மாட்டி என்றால் படகு முதலாளி), அந்தச் சேதியை முதலில் குரூப்பில் போட்ட பையனைப் பார்த்துக் கேட்டார்:

"நீ எங்கடா நின்னு சொன்ன?"

அவனுக்குப் புரியவில்லை. எங்களுக்கும் முதலில் புரியவில்லை. தாத்தா விளக்கினார். கடலில் வயர்லெஸ்ஸில் பேசும்போது யாராவது 'காத்து ஏறுதாம்' என்று சொல்கிறோமா? 'நான் பாலத்துக்கு வடக்க நிக்கிறேன், இங்க இப்ப காத்து ஏறுது' என்றுதானே சொல்கிறோம். எங்கே நிற்கிறேன், இப்போது என்ன பார்க்கிறேன். அது இல்லாமல் எவனாவது பேசினால் அடுத்த படகு உடனே கேட்கும், நீ எங்க நின்னு சொல்ற என்று. நிற்காத இடத்தின் காற்றைச் சொன்னால் ஆள் செத்துப்போவான் என்று எங்களுக்குத் தெரியும். போனில் மட்டும் ஏன் அந்தப் புத்தி வரவில்லை?

குரூப்பின் சட்டம்

காற்று, மீன் விலை, டீசல் வரத்து இதெல்லாம் பேசுவதற்காக ஊரில் ஏற்கெனவே ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. அதில் அன்றிலிருந்து ஒரு கட்டுப்பாடு வந்தது. நோயைப் பற்றி எதுவும் சொல்வதாக இருந்தால் சொந்தக் குரலில்தான் சொல்ல வேண்டும். வந்ததை அப்படியே தள்ளிவிடக் கூடாது. தான் பார்த்ததா, யாரிடமாவது கேட்டதா, கேட்டது என்றால் யாரிடம், எப்போது என்று சொல்ல வேண்டும். தப்பாகப் போய்விட்டால் அதே ஆள்தான் அதே குரலில் வந்து திருத்த வேண்டும்.

எழுதி ஒட்டிய சட்டம் இல்லை இது. மீறினால் யாராவது ஒருவர் 'எங்க நின்னு?' என்று மட்டும் கேட்பார். அவ்வளவுதான். ஒரு வாரத்தில் குரூப்பில் வரும் பதிவுகள் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டன. குறைந்ததே பெரிய நிம்மதி.

எங்கள் நல்ல காலம், எங்கள் பக்கத்துக் கிராம சுகாதார செவிலியர் இதற்குச் சரியான ஆள். எல்லோருக்கும் அவர் நர்ஸக்கா. பிரசவம் பார்க்கவும் பிள்ளைகளுக்கு ஊசி போடவும் பல வருடமாக வீடு வீடாக வந்து போகிறவர். அவரைக் குரூப்பில் சேர்த்தோம். அவர் சொன்ன விதத்தைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். முகக்கவசம் பற்றி முதலில் அவர், நோயாளியும் அவரைப் பார்த்துக்கொள்கிறவரும் போட்டால் போதும், மற்றவர்கள் வாங்கிக் குவிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அன்று உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையும் அதுதான். ஏப்ரல் முதல் வாரத்தில் வீட்டில் தைத்த துணிக் கவசத்தை எல்லோரும் போடலாம் என்று மத்திய அரசு சொன்னது. உலக சுகாதார நிறுவனம் பொதுமக்களுக்குத் துணிக் கவசத்தைப் பரிந்துரைத்தது ஜூன் 5-ஆம் தேதிதான். நர்ஸக்கா ஏப்ரலிலேயே ஒரு பதிவு போட்டார்: "போன வாரம் நான் வேண்டாம்னு சொன்னேன். இப்ப மாறிருச்சு. காய்ச்சல் இல்லாத ஆளுகிட்ட இருந்தும் பரவுதுன்னு சொல்றாங்க. அதனால எல்லாரும் போடுங்க. பழைய வேட்டி இருந்தா போதும்."

இப்படி மாற்றிப் பேசினால் மக்கள் நம்ப மாட்டார்கள் என்று பெரிய இடங்களில் பயப்படுகிறார்கள். எங்கள் ஊரில் நடந்தது நேர்மாறு. காற்று மாறினால் மாறியது என்று சொல்கிறவனைத்தான் கடலில் நம்புவோம். அந்தப் பதிவுக்குப் பிறகுதான் நர்ஸக்கா சொல்வதற்கு ஊரில் தனி மரியாதை வந்தது.

ஒரு குறையை நாங்கள் லேட்டாகத்தான் கவனித்தோம். குரூப்பில் இருந்தது முக்கால்வாசி ஆண்கள். போன் ஆண்கள் கையில். வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வாசனை தெரியவில்லை என்பதை முதலில் அறிகிறவர்கள் பெண்கள். அவர்களுக்குச் சேதி போனது குழாயடியிலும், ரேஷன் கடை வரிசையிலும்தான். ஏப்ரல் தொடக்கத்தில் அரிசி அட்டைக்கு 1000 ரூபாயும் விலையில்லா அரிசியும் டோக்கன் போட்டுக் கொடுத்தார்கள். அந்த வரிசையில் சுண்ணாம்புக் கட்டத்துக்குள் நின்றபடியே பெண்கள் பேசிக்கொண்டது, எங்கள் குரூப்பைவிடப் பெரிய குரூப். பிறகு நர்ஸக்கா தன் சேதியைக் குரூப்பில் போட்ட கையோடு, மகளிர் குழுத் தலைவி ஒருவருக்குப் போன் செய்து ஒரு தரம் சொல்ல ஆரம்பித்தார். அந்த அக்கா குழாயடியில் சொல்வார். கோயில் ஒலிபெருக்கியில் பங்குத்தந்தை அதையே வாசிப்பார். பாம்பனிலிருந்து 90.4-இல் ஒலிபரப்பாகும் 'கடல் ஓசை' சமுதாய வானொலியையும் வலை பின்னுகிற இடத்தில் வைத்துக் கேட்பார்கள். ஒரே சேதி நாலு வாயில் ஒரே மாதிரி வந்தால் அது நின்றது.

வயிற்றுப்பாடு

ஏப்ரல் 10 அன்று மீன்பிடிக்கும் தொழிலுக்கு ஊரடங்கிலிருந்து விலக்கு வந்தது. ஐந்தே நாளில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. வழக்கமாக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்த வருடம் மே 31-ஓடு முடித்தார்கள். நாட்டுப்படகுக்குத் தடைக்காலம் கிடையாது என்பதால் நாங்கள் போகலாம். போய்ப் பிடித்து வந்தால் வாங்க ஆள் இல்லை. ஐஸ் இல்லை. ஏற்றுமதி நின்றுபோனதால் நண்டும் இறாலும் உள்ளூர் விலைக்கு விழுந்தன. அப்போது சில நாள் ஊரே பழைய முறைக்குப் போனது: வந்த மீனில் விற்றது போக மீதியைப் படகு ஏறாத வீடுகளுக்கும் பங்கு வைத்தார்கள். விதவை வீடு, வயசாளி மட்டும் இருக்கும் வீடு, வெளிநாட்டில் ஆள் மாட்டிக்கொண்ட வீடு. இதற்குக் கூட்டம் எதுவும் போடவில்லை. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதைப் பெண்கள் சொன்னார்கள், அவ்வளவே.

அந்த ரம்ஜானில் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சவில்லை. அரிசி வீடுகளுக்குப் போய், கஞ்சி வீட்டிலேயே கொதித்தது. கருவாடு எடுக்க வழக்கமாக வரும் கீழக்கரைக் காக்கா (அங்கே முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவர் போனிலேயே விலை பேசி, பணத்தை முன்கூட்டியே என் கடை நம்பருக்கு அனுப்பினார். 'மீனில் நோய் வராது, நான் சாப்பிடுறேன், என் வீட்டிலயும் சாப்பிடுறாங்க' என்று தன் குரலில் ஒரு பதிவு போட்டு, அதைத் தன் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பினார். மீன் வதந்தியை எங்கள் பக்கம் அடக்கியது அந்தப் பதிவுதான் என்று நினைக்கிறேன்.

கடன் விஷயத்தில் மட்டும் சேதி எங்களைக் கைவிட்டது. மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி, மூன்று மாதத் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று அறிவித்தது. பிறகு அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தார்கள். 'தவணை கட்ட வேண்டாம்' என்று ஊருக்குள் பரவியது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும் என்ற பாதியை யாரும் சொல்லவில்லை. தள்ளிவைக்க வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும் என்பதையும் சொல்லவில்லை. குழுக்கடன் வாங்கிய பெண்கள் வீட்டு வாசலில் ஒரு நிதி நிறுவனத்தின் வசூல் ஆள் வந்து நின்றபோதுதான் மிச்சப் பாதி தெரிந்தது. அது குறித்து நர்ஸக்கா மாதிரி கேட்டுச் சொல்ல எங்களுக்கு ஆள் இல்லை. வங்கியில் வேலை செய்யும் ஒருவரை அன்றே தேடிப் பிடித்திருக்க வேண்டும். இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

ஜெராக்ஸ்

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும்.

2020 மே மாதம். கோயம்பேடு மார்க்கெட்டில் பரவியதற்குப் பிறகு, சென்னையிலிருந்து பிழைப்புப் போய் ஆட்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்தார்கள். தனிமையில் இருக்க வேண்டியவர்களின் வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஒரு காலை தெரிந்த பையன் ஒருவன் போனில் ஒரு படத்தைக் காட்டி, இதைப் பிரிண்ட் போட்டு இருபது காப்பி எடுத்துக் கொடுங்கண்ணே என்றான். வெளியூரிலிருந்து வந்தவர்களின் பட்டியல். பெயர், அப்பா பெயர், தெரு, போன் நம்பர். ஊரைக் காப்பாற்றத்தான் கேட்கிறான் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன். காசுகூட வாங்கவில்லை.

சாயங்காலத்துக்குள் அது டீக்கடைச் சுவரில் இருந்தது. பட்டியலில் இருந்த ஒரு குடும்பத்துக்கு அடுத்த நாள் பால் போகவில்லை. பலசரக்குக் கடையில் பிள்ளையை வாசலிலேயே நிற்க வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அந்த வீட்டில் யாருக்கும் நோயே இல்லை என்று பத்து நாள் கழித்துப் பரிசோதனையில் தெரிந்தது. கெடுதல் அதோடு நிற்கவில்லை. சுவரில் ஒட்டியதைப் பார்த்த மற்றவர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள்? காய்ச்சலை வெளியே சொல்லக் கூடாது என்று. அடுத்த தெருவில் ஒரு பெரியவர் ஐந்து நாள் காய்ச்சலை மறைத்து, மிளகு ரசமும் மாத்திரையுமாகக் கிடந்து, மூச்சு இழுத்த பிறகுதான் 108-க்குப் போன் போட்டார்கள். அவர் திரும்பி வந்தார். வராமல் போயிருந்தால் என் மெஷினுக்கு அதில் பங்கு இருந்திருக்கும்.

நர்ஸக்கா கடைக்கு வந்து சத்தம் போடவில்லை. ஒன்று மட்டும் சொன்னார். "தம்பி, யாருக்குன்னு சொன்னா ஊர் ஒதுங்கும். என்ன வேணும்னு சொன்னா ஊர் வரும்." அன்று சாயங்காலம் நானே குரூப்பில் என் குரலில் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சுவரிலிருந்து நானே கிழித்தேன். அதன் பிறகு குரூப்பில் பெயர் சொல்வது நின்றது. 'ஒரு வீடு பதினாலு நாள் உள்ளே இருக்கிறது, காய்கறி, மண்ணெண்ணெய், பிள்ளைக்குப் பால் வேண்டும், வாசல் திண்ணையில் வைத்தால் போதும்' என்று மட்டும் வரும். யார் கொண்டுபோய் வைப்பது என்று ஒருவர் ஏற்றுக்கொண்டதும், வீடு எது என்று அவருக்கு மட்டும் தனியாகப் போன் போகும். இந்தக் கட்டுரையில் பெயர் எதுவும் இல்லாததும் அந்த இருபது காப்பியால்தான்.

தனிமை என்பது எங்கள் கரைக்குப் புதுசு இல்லை என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஆட்களை, கடலைத் தாண்டவிடுவதற்கு முன் காலரா, பிளேக் இருக்கிறதா என்று பார்க்கச் சில நாட்கள் அடைத்து வைத்த இடம்தான் மண்டபம் முகாம். இலங்கை அரசு நடத்தியது. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையிடமும் பிறகு பல வருடம் அங்கேதான் இருந்தது. பஸ்ஸில் 'மண்டபம் கேம்ப்' என்று டிக்கெட் எடுக்கும்போது, அந்த கேம்ப் என்ற சொல்லுக்குள் எத்தனை பேர் காத்துக் கிடந்தார்கள் என்று யாரும் நினைப்பதில்லை. அடைத்து வைக்கப்பட்டவர்களுக்கு அன்றைக்கும் தேவைப்பட்டது சோறும் தண்ணீரும், எப்போது விடுவார்கள் என்ற தகவலும்தான்.

இரண்டு எச்சரிக்கை ஒரே நாளில்

2020 டிசம்பர் முதல் வாரத்தில் புரெவி வந்தது. இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவில் இறங்கிய புயல், வலுவிழந்து எங்கள் கரைக்குப் பக்கத்திலேயே நகராமல் நின்றது. கூட்டம் சேராதே என்று எட்டு மாதம் சொல்லிவந்த ஒலிபெருக்கி, முகாமுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டது. வயசாளிகள் பலர் வரமாட்டேன் என்றார்கள். கடலுக்கு அஞ்சுவதா, மூச்சுக்கு அஞ்சுவதா என்று ஒரு பாட்டி கேட்டார். பள்ளிக்கூடத்தில் வகுப்பறைக்கு ஒரு குடும்பக் கூட்டம் என்று பிரித்து, சன்னல்களைத் திறந்து வைத்து, காய்ச்சல் இருக்கிறவர்களுக்கு ஒரு அறையைத் தனியே விட்டிருக்கிறது என்று, அங்கே போய்ப் பார்த்து வந்த ஒருவர் குரல் பதிவு போட்டார். அதைக் கேட்ட பிறகுதான் பலர் கிளம்பினார்கள்.

குளிர்ந்த விரல்

2021 ஏப்ரல், மே. இரண்டாம் அலை. முதல் அலையில் நோய் எங்களுக்குப் பெரும்பாலும் சேதியாக இருந்தது. இரண்டாவதில் எங்கள் வீடுகளுக்குள் வந்தது. பெரிய ஊர்களில் ஆக்சிஜன் இல்லாமல் ஆட்கள் வரிசையில் நின்ற படங்களைப் பார்த்துக்கொண்டே, எங்கள் வீட்டு ஆட்களின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தோம்.

வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் பணம் போட்டு மூன்று ஆக்சிமீட்டர் வாங்கி அனுப்பினார்கள். விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் சின்னக் கருவி. 94-க்குக் கீழே இறங்கினால் காத்திருக்கக் கூடாது என்று நர்ஸக்கா சொல்லிக் கொடுத்தார். யோசித்துப் பாருங்கள், கடைசியில் எங்களுக்கு ஒரு கூண்டு கிடைத்துவிட்டது. எண்ணைப் பார்த்தால் வேலை தெரியும்.

கருவியைப் பழைய பிளாஸ்டிக் டப்பா ஒன்றில், ஸ்பிரிட் நனைத்த பஞ்சோடு வைத்து, என் கடையில் நோட்டு போட்டுக் கொடுத்தேன். நோட்டில் பெயர் இல்லை. டப்பா நம்பரும் நேரமும் மட்டும். முதல் வாரமே ஒரு சிக்கல். விடியற்காலையில் ஐஸ் கம்பெனியிலிருந்து வந்த ஒருவருக்கு 86 காட்டியது. வீடே அழ ஆரம்பித்துவிட்டது. நர்ஸக்கா போனில் கேட்ட முதல் கேள்வி, "கை சில்லுனு இருக்கா?" என்பதுதான். ராத்திரி முழுக்க ஐஸ் அள்ளிய கை. விரல் குளிர்ந்து ரத்த ஓட்டம் குறைந்தால் கருவி தப்பாகக் காட்டும். இரண்டு கையையும் சூடுபறக்கத் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துத் துடைத்து, ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பார்த்தார்கள். 97. பெருநாள் சமயத்தில் பக்கத்து ஊர்ப் பெண்களிடம் மருதாணி இல்லாத விரலைப் பாருங்கள் என்றார். வலை இழுத்துக் காய்ப்புக் காய்த்த விரலில் மாட்டும்போது முழுசாக உள்ளே போகிறதா என்று பார்க்கச் சொன்னார். இதெல்லாம் எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் நான் பார்க்காதவை. எங்கள் கைகளைத் தெரிந்த ஒருவர் சொன்னதால் கிடைத்தவை.

அந்த டப்பா போன வீடுகளில் எண் நிஜமாகவே இறங்கியவர்களை, மறைக்காமல், நேரத்தில் வண்டி ஏற்றினோம். எல்லோரும் திரும்பி வரவில்லை. சம்மாட்டி தாத்தா வரவில்லை. அடக்கத்துக்கு அனுமதித்த சில பேர்தான் போனோம். மீதி ஊர் அவரவர் வாசலில் நின்றது. அவருடைய வல்லத்தை அன்று யாரும் கடலில் தள்ளவில்லை.

தடுப்பூசிப் பேச்சும் அதே நாட்களில்தான். 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏப்ரல் 1 முதல் போட்டார்கள். ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் போட்டுக்கொண்டார், 17 அன்று மாரடைப்பில் இறந்தார். தடுப்பூசிக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பில்லை என்று அதை ஆராய்ந்த குழு பிறகு சொன்னது. ஆனால் அந்த ஏப்ரலில் எங்கள் ஊரில் ஊசி முகாமுக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். மருத்துவ விளக்கம் எதுவும் எடுபடவில்லை. தாத்தா போன பதினைந்தாம் நாள், அவர் மனைவி போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். குரூப்பில் பேச அவரிடம் போன் இல்லை. பேத்தியின் போனில் பேசினார். "நான் நம்ம வீட்டுத் திண்ணையில உக்காந்து சொல்றேன். நேத்து பத்து மணிக்குப் போட்டேன். ராத்திரி காய்ச்சல் அடிச்சுது. கை வலிக்குது. இப்ப கஞ்சி குடிச்சேன். நாளைக்கும் சொல்றேன்." நாலு நாள் சொன்னார். ஐந்தாம் நாள் முகாமில் நாற்காலி பத்தவில்லை.

இப்போது

நர்ஸக்கா மாறுதலில் வேறு வட்டாரத்துக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் நல்லவர்தான், இன்னும் எல்லா வீட்டு வாசலும் அவருக்குப் பழகவில்லை. அவர் நம்பரை மகளிர் குழு அக்காவிடமும் கொடுத்திருக்கிறேன். பெண்களுக்கென்று தனிக் குரூப் ஒன்று ஆரம்பித்து, அது பாதி வீடுகளுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. கடன், தவணை பற்றிக் கேட்டுச் சொல்ல ஒரு ஆளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். மூன்று ஆக்சிமீட்டரில் ஒன்று உப்புக்காற்றில் கெட்டுவிட்டது. மற்ற இரண்டும் டப்பாவோடு கடை மேசை டிராயரில் இருக்கின்றன. மாதம் ஒரு தரம் பேட்டரியைக் கழற்றித் துடைத்து மாட்டி, என் விரலில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.